ஜிம்மில் சொன்ன வயது

அத்தியாயம் 14

போன வாரம் பார்லர் அக்காவை எங்கே விட்டோம்? வாங்காத கடனுக்கு வட்டி கேட்டவனின் போனைப் பாதியில் துண்டித்துவிட்டு, விசாரணைக்கு வரச்சொல்லி வந்த நோட்டீஸைக் கையில் பிடித்தபடி, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அடுப்பங்கரையில் நின்றாளே, அங்கேதான்.

இடையில் இரண்டு வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்லர் அக்கா கடைத்தெருவில் பெண்களுக்கு முடி வெட்டி, புருவம் திருத்தி, நரைக்குச் சாயம் பூசுகிறவள். புருஷன் அதே தெருவில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். ஊரில் அத்தனை பேர் கண்ணையும் சோதிப்பார், வீட்டுக்குள் நடப்பது மட்டும் தெரியாது. அவளுடைய ஒரே தம்பிக்குப் பூட்டு ரிப்பேர் வேலை. அக்கா வீட்டு மாடி அறையில்தான் இருந்தான்.

அவள் சேர்ந்திருந்த ஜிம்மிலிருந்து உறுப்பினர்களின் விவரமெல்லாம் மொத்தமாக வெளியே போய்விட்டது. பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், பிறந்த தேதி, பேங்க் கணக்கு என்று ஒன்று பாக்கியில்லை. அதை வைத்து எவனோ அவள் பெயரில், போனிலேயே கடன் கொடுக்கிற கம்பெனியில் பெரிய தொகையை வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான்.

வசூலுக்கு ஆள் வந்து வாசலில் நின்ற அன்று, வீட்டு விவரம் வீட்டு ஆளுக்குத்தானே தெரியும் என்று முதலில் வாயைத் திறந்தது நாத்தனார். கண்ணாடிக்காரர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில் நின்று மச்சினனைத் திருடன் என்றார். சொன்னதோடு விட்டாரா? போலீஸ் ஸ்டேஷனில் எழுதியும் கொடுத்துவிட்டு வந்தார்.

தம்பி அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிப் போனான். தெரு முனையில் இருக்கிற அவனுடைய பெட்டி போன்ற கடையிலேயே படுக்கை. அது கூடப் பரவாயில்லை. பூட்டுத் திறக்கிறவனுக்குத் திருடன் என்று பெயர் வந்தால் எந்த வீட்டுக்காரர் தன் வாசலைக் காட்டுவார்? ஒரு சாவி போட்டுத் தரச்சொல்லிக்கூட ஒருவரும் வரவில்லை.

பார்லர் அக்காவுக்குக் கடனைப் பற்றிய கவலையைவிட இதுதான் பெரிய கவலை. அவள் சும்மாவும் இருக்கவில்லை. இலவச சட்ட உதவி மையத்து வக்கீலம்மா சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். பழைய பேங்க் கணக்கை மூடிப் புதுசு திறந்தாள். என்னைக் கேட்காமல் என் பெயரில் எவருக்கும் கடன் தரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். வந்த மெசேஜை ஒன்றுகூட அழிக்காமல் படம் பிடித்து வைத்தாள். அதுவரை எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டாகப் புருஷன் பெயரைத்தான் வைத்திருந்தாள். அவர் நடுத்தெருவில் கத்தின அன்று ராத்திரியே அதை மாற்றிவிட்டாள். அதில் அவருக்கு இன்னமும் மனக்குறை.

ஜிம் மீதும் கடன் கம்பெனி மீதும் அவள் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் கொடுத்த புகாருக்கு இன்றைக்கு விசாரணை.

காலையில் அவள் தலைவாரிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் வந்து நின்றாள். நாத்தனாருக்கு லைப்ரரியில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களை "உஸ்" என்று அடக்குகிற வேலை என்பதால், வெளியே வந்தால் குரல் நாலு வீடு தாண்டும். லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். துணைக்கா, வேடிக்கை பார்க்கவா என்று பார்லர் அக்கா மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவளும் அதைத் திருத்திவிடவில்லை.

மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். பஸ் தெரு முனையில் திரும்பும்போது தம்பியின் கடை தெரிந்தது. ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே ஒரு பழைய பூட்டை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். வேலை இல்லாதவன் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் செய்கிற வேலை அது. அவன் நிமிரவில்லை. கண்ணாடிக்காரர் அந்தப் பக்கமே திரும்பாமல் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

குறைதீர் மன்றம் என்றதும் பெரிய மண்டபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றோடொன்று கம்பியால் கோத்த நாற்காலிகள், ஒருவர் உட்கார்ந்தால் வரிசையே ஆடுகிறது. மூலையில் தண்ணீர் கேன், அதன் மேல் சங்கிலி கட்டின டம்ளர். மேடையில் தலைவரம்மா. நிதானமான முகம், ஆனால் பேனாவை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் எல்லோர் வாயும் மூடிக்கொள்ளும்.

ஜிம் முதலாளி முன் வரிசையில் இருந்தார். கையை மடக்கினால் சட்டை கிழிந்துவிடும் போலிருந்தது. அவருடைய வக்கீலுக்கு ஒவ்வொரு பொய்க்கு முன்னாலும் தொண்டையைக் கனைக்கிற பழக்கம். அன்றைக்கு நிறையவே கனைத்தார்.

வெளியே போனது சில போன் நம்பர்கள்தான் என்றார். அதற்கும் வருத்தம் தெரிவித்து, ஒரு மாசம் இலவசமாக உடற்பயிற்சி செய்யலாம் என்று கூப்பன் அனுப்பியாகிவிட்டது என்றார். கடனுக்கும் ஜிம்முக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை, அது வீட்டுக்குள்ளேயே நடந்த கைவரிசை என்றார். அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். இந்த அம்மாவின் சொந்தக் கணவரே போலீஸில் எழுதிக் கொடுத்தது, இதைவிட வேறென்ன வேண்டும்?

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தன் கையெழுத்தே தன் பெண்டாட்டிக்கு எதிராக எழுந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆடும்?

பார்லர் அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். தன் பக்கம் தோற்றால் கடன் தலையில் விழும், அது போகட்டும். தம்பி திருடன் என்பது மன்றத்தின் வாயாலேயே உறுதியாகிவிடும்.

வக்கீலம்மா அசரவில்லை. கடன் கம்பெனி இத்தனை நாள் காட்ட மறுத்த விண்ணப்பத்தை இன்றைக்குக் கொண்டுவரும்படி தலைவரம்மா உத்தரவு போட்டிருந்தார், அதைக் கேட்டார். கம்பெனி குமாஸ்தா வேண்டாவெறுப்பாக ஒரு நகலை நீட்டினார். வக்கீலம்மா அதைப் பார்லர் அக்காவிடம் கொடுத்து, உங்கள் விவரம்தானா பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

பெயர் சரி. வீட்டுக் கதவு எண் சரி. பேங்க் கணக்கு சரி. பிறந்த நாளும் மாசமும் சரி. வருஷம்?

வருஷத்தைப் பார்த்ததும் அவள் காது மடல் சூடேறியது. அதில் அவள் ஐந்து வயது இளையவளாக இருந்தாள்.

அவளுக்குச் சட்டென்று ஜிம்மின் கவுண்டர் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு பேராகச் சேர்ந்தால் பாதிக் கட்டணம் என்று போர்டு வைத்திருந்ததால் நாத்தனாரோடுதான் சேரப் போனாள். முதலில் நாத்தனார் தன் வருஷத்தைச் சொன்னாள். சொன்ன வருஷம் கேட்டு இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கணக்குப்படி நாத்தனார் இவளைவிடச் சின்னவள்! அப்படியிருக்க இவள் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? தம்பி பெண்டாட்டியான இவள் நாத்தனாரைவிட மூத்தவள் என்று ஆகும், அதோடு புருஷனைவிடவும் மூத்தவள் என்று ஆகும். அந்த அரை நிமிஷத்தில் அவள் வாய் தானாகவே ஐந்து வருஷத்தைக் கழித்துவிட்டது. வாழ்நாளில் வேறெங்கும் செய்யாத காரியம். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கூடப் பேசிக்கொண்டதில்லை.

இப்போது இதைச் சொன்னால் வழக்கு நிமிரும். ஆனால் பின் வரிசையில் நாத்தனார் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் புருஷன். சுற்றிலும் தெரியாத முகங்கள். பாதி ஏறின ஷட்டரும், குனிந்த தலையும் கண் முன்னால் வந்தன. அவள் எழுந்துவிட்டாள்.

"அம்மா, இதுல பொறந்த வருஷம் தப்பு. நான் இதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி பொறந்தவ."

"கடன் வாங்கினவன் தப்பா எழுதிட்டான்னு சொல்றீங்களா?"

"இல்லைங்கம்மா. அவன் சரியாத்தான் எழுதியிருக்கான். நான்தான் ஜிம்மில வயசைக் குறைச்சுச் சொன்னேன். அங்க மட்டும்தான். பேங்க், அடையாள அட்டை, கடை லைசென்ஸ், வேற எங்கயும் இந்த வருஷம் கிடையாது."

அறை முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. பேனா ஒரு தட்டுத் தட்டியதும் நின்றது. வக்கீலம்மா மின்னல் வேகத்தில் பையைத் திறந்து பேங்க் காகிதம், அடையாள அட்டை, லைசென்ஸ் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். எல்லாவற்றிலும் உண்மை வயது பளிச்சென்று இருந்தது. இத்தனை பெருமையாக பார்லர் அக்காவின் வயதை வேறெவரும் எடுத்துக் காட்டியிருக்கமாட்டார்கள்.

எதிர் வக்கீல் கனைத்தார். வயதைக் குறைத்துச் சொல்கிறவர்கள் ஒரு இடத்தோடு நிறுத்துவார்களா என்றார். ஜிம்மில் சேர்ந்த அன்று வீட்டில் வந்து இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கமாட்டாரா, கூடவே இருந்த தம்பி கேட்டிருக்கமாட்டானா, கேட்டதை அப்படியே எழுதியிருக்கமாட்டானா?

கேள்வி சாமர்த்தியமானதுதான். சொல்லவில்லை என்பதற்கு எங்கே போய் அத்தாட்சி கொண்டுவருவது? பார்லர் அக்கா வக்கீலம்மாவைப் பார்த்தாள். வக்கீலம்மா காகிதங்களைப் பார்த்தார். தலைவரம்மா எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரத்தில் நாற்காலி வரிசை முழுக்க ஒரு ஆட்டம் ஆடியது. நாத்தனார் எழுந்து நின்றிருந்தாள்.

"அவ சொன்னது நெஜம். அங்க நானும் பொய்தான் சொன்னேன். நான் ஏழு வருஷம் குறைச்சேன், அதனாலதான் அவ அஞ்சு குறைச்சா."

நீங்கள் யார் என்று தலைவரம்மா கேட்க, இந்தக் கண்ணாடிக்காரரின் மூத்த சகோதரி என்று பதில் வந்தது. "மூத்த" என்ற வார்த்தையை நாத்தனார் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கிடையாது. கண்ணாடிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு திரும்பிப் பார்த்தார்.

நாத்தனார் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அதில் அதே கடன் கம்பெனியின் மெசேஜ் இருந்தது. உங்கள் பெயரில் ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது, கீழே இருக்கும் பிறந்த தேதி உங்களுடையதுதானா, உறுதி செய்யவும் என்று கேட்டிருந்தார்கள். கீழே இருந்தது ஜிம்மில் சொன்ன அதே ஏழு வயது குறைந்த வருஷம். அவள் பதில் அனுப்பாததால் அந்தக் கடன் அப்படியே நின்றுபோயிருந்தது.

தலைவரம்மா குமாஸ்தாவைப் பார்த்தார். அவர் தன் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டித் தேடினார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. ஆமாம், அப்படி ஒரு விண்ணப்பம் இருக்கிறது, இரண்டும் ஒரே போனிலிருந்து வந்தவை. பார்லர் அக்காவுக்கு அனுப்பிய மெசேஜ் மட்டும் அவளுக்கு வந்து சேரவேயில்லை, அவள் விண்ணப்பத்தில் அந்த மோசடிக்காரன் வேறு நம்பரைக் கொடுத்திருந்தான்.

ஒரே கவுண்டரில் இரண்டு பொய். இரண்டும் ஒரே மோசடிக்காரன் கையில். பூட்டுக்காரத் தம்பிக்கு நாத்தனாரின் பேங்க் கணக்கு எப்படித் தெரியும்? எதிர் வக்கீல் கனைக்க வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

இதை ஏன் முன்னாலேயே காட்டவில்லை என்று தலைவரம்மா கேட்டார்.

நாத்தனாரின் குரல் லைப்ரரிக்குள் பேசுகிற குரலாகக் குறைந்துபோனது.

"காட்டினா வயசு வெளிய வந்துடும்னு மறைச்சேன்மா. அந்தப் பையன் வீட்டைவிட்டுப் போன மறுவாரமே இது வந்தது. அவனைத் திருடன்னு மொதல்ல சொன்னதும் நான்தான்."

பார்லர் அக்காவுக்குத் தலை முதல் கால் வரை எரிந்தது. இத்தனை மாசமாக இந்த மெசேஜ் இவள் கைப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது! மாசம் தவறாமல் இதே கையால்தானே இவள் நரையை மறைத்துவிட்டோம்? அந்த முடியை இப்போதே பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினால் என்ன என்று தோன்றியது. நாத்தனார் இன்னும் நின்றுகொண்டேயிருந்தாள். பார்லர் அக்கா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தன் நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டாள்.

"இங்க வந்து உக்காருங்க அண்ணி. மீதியை வீட்டுல பேசிக்கலாம்."

அந்த "மீதி"யில் என்னவெல்லாம் இருக்கிறது என்பது நாத்தனாருக்குத் தெரியும். இருந்தாலும் வந்து உட்கார்ந்தாள்.

ஜிம் முதலாளி அவசர அவசரமாகத் தன் வக்கீலின் காதில் ஏதோ ஓதினார். வக்கீல் எழுந்து, நல்லெண்ணத்தின் பேரில் இரண்டு பேருக்கும் ஒரு வருஷ உறுப்பினர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யத் தயார் என்றார்.

"வேண்டாம் சார். இன்னொரு வாட்டி அங்க சேர்ந்தோம்னா நாங்க ரெண்டு பேரும் ஸ்கூல்லதான் போய்ச் சேரணும்."

நாத்தனார்தான். இந்தத் தடவை தலைவரம்மாவே பேனாவைத் தட்ட மறந்து சிரித்துவிட்டார்.

பிறகு உத்தரவை வாய்விட்டே சொன்னார். கடன் இந்த அம்மாவுடையது இல்லை. கம்பெனி அதை ரத்து செய்து, இவர் பெயரில் விழுந்த கறையை எல்லாப் பதிவுகளிலிருந்தும் நீக்கவேண்டும். இந்த அலைச்சலில் பார்லர் மூடிக் கிடந்த நாட்களுக்கும், பட்ட மன உளைச்சலுக்கும் ஜிம் நிர்வாகம் இழப்பீடு கொடுக்கவேண்டும். கூப்பன் செல்லாது. என்னென்ன விவரம் வெளியே போனது, என்ன ஜாக்கிரதை செய்துகொள்ளவேண்டும் என்று உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உடைத்துச் சொல்லவேண்டும். விவரத்தை வெளியே கொண்டுபோனது யார் என்று கண்டுபிடித்து மன்றத்துக்கு அறிக்கை தரவேண்டும்.

வேறு ஏதாவது கேட்கவேண்டுமா என்றார்.

பார்லர் அக்கா எழுந்தாள். "தொகையை நீங்க நியாயமாப் பார்த்துப் போடுங்கம்மா. இதுல என் தம்பிக்குச் சம்பந்தம் இல்லைன்னு ஒரு வரி சேர்த்துடுங்க. அதுதான் எனக்கு வேணும்."

தலைவரம்மா எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். அதுவரை கல்லாக இருந்த பார்லர் அக்காவுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

வெளியே படியில் இறங்கும்போது கண்ணாடிக்காரர் அவள் பக்கத்தில் வந்தார். வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியும், கேட்க மனசில்லை. நடுத்தெருவில் சொன்னதை நடுத்தெருவில்தான் திரும்ப எடுக்கவேண்டும், என்னிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்றுவிட்டாள். அவர் தலையை ஆட்டினார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒத்திகை பார்க்கிறார் என்று நாத்தனார் ஜாடை காட்டினாள்.

ஒத்திகை எதற்கும் உதவவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கி, தம்பியின் கடை முன்னால் போய் நின்றதும் அவருக்கு எல்லாம் மறந்துபோனது. சாயங்காலக் கூட்டம். டீக்கடையில் ஆள் நிறைந்திருந்தது. மருந்துக்கடை அம்மா டீக்கடை வாசலில் நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். எதிர்ச் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் கத்தினதைக் கேட்ட அதே ஆட்கள்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவும் இல்லை, திரும்பப் போடவும் இல்லை.

"எல்லாரும் கேளுங்க. நான் என் மச்சினனைத் திருடன்னு சொன்னேன். அவன் திருடலை. மன்றத்துல எழுதியே கொடுத்துட்டாங்க. தப்பு என்னோடது. மாப்ளே, என்னை மன்னிச்சிடுப்பா."

இஸ்திரிப் பெட்டி நின்றது. டீக்கடையில் பேச்சு நின்றது.

தம்பி கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்தான். மாமாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்ற நாத்தனாரையும் பார்த்தான். அவன் மன்னிப்பானா மாட்டானா என்று தெரு மொத்தமும் காத்துக்கொண்டிருந்தது.

மருந்துக்கடை அம்மாதான் முதலில் வாயைத் திறந்தவர். சில்லறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். கடை ஷட்டர் பூட்டு ரொம்ப நாளாக மக்கர் செய்கிறது, வேறு யாரையும் விட மனசில்லாமல் அப்படியே வைத்திருக்கிறேன், வந்து பார்க்கிறாயா தம்பி என்றார். கடைசிப் பாதி பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல வார்த்தை கிடையாது.

தம்பி எழுந்தான். கையை வீசி ஷட்டரை முழுசாக மேலே தள்ளினான். அது போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. உள்ளே போய்ச் சாமான் பையை எடுத்தான். இரும்பும் பித்தளையும் அடைத்த பை. தோளில் மாட்டப்போனவன், என்ன தோன்றியதோ, நிறுத்தி அதை மாமாவிடம் நீட்டினான்.

"கனமா இருக்கும் மாமா. ரெண்டு கையாலயும் பிடிங்க."

கண்ணாடிக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மருந்துக்கடை தெருவின் மறுகோடியில் இருக்கிறது. குறுக்குச் சந்து வழியாகப் போனால் கிட்டத்தில்தான். தம்பி சந்துப் பக்கம் திரும்பவேயில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு, டீக்கடை, சலவைக்கடை, கண்ணாடிக்கடை என்று ஒவ்வொரு வாசலையும் தாண்டி நடுத்தெருவிலேயே நடந்தான். பின்னால் கண்ணாடிக்காரர் பையைச் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க, ஒரு வாய் முனகாமல் நடந்தார். டீக்கடையிலிருந்து ஒருவர், எங்கள் வீட்டு அலமாரிச் சாவியும் தொலைந்துபோச்சு, நாளைக்கு வருகிறாயா என்று கூப்பிட்டுக் கேட்டார். சாயங்காலம் வர்றேன் என்று தம்பி திரும்பாமலே பதில் கொடுத்தான்.

வீட்டுக்கு வருவானா என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். பார்லர் அக்காவுக்கும் அதுதான் தெரியவில்லை. கேட்கவும் அவசரப்படவில்லை. அவன் தோளை நிமிர்த்தி நடக்கிற அந்த நடையை எவ்வளவு பார்த்தும் அவளுக்குத் திகட்டவில்லை.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. ஜிம் முதலாளியின் நம்பர். அழைப்பு இல்லை, மெசேஜ்.

"மேடம், லிஸ்டை வித்தது யாருன்னு எனக்கு இப்பதான் தெரிஞ்சது. உங்க தெருவிலதான் இருக்கார். யார்கிட்டயும் சொல்லாம ஒரு தடவை வந்து பாருங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டீக்கடை, சலவைக்கடை, மருந்துக்கடை வாசல். எல்லா முகமும் அவள் தம்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மெசேஜைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அந்த ஊர்வலத்தின் பின்னால் வேகமாக நடக்க ஆரம்பித்தாள். புருஷன் அந்தப் பையைக் கீழே வைக்கிற வரைக்கும் பார்த்தாகவேண்டும்.